விந்தில் ஃப்ரக்டோஸ், துத்தநாகம், ஆல்ஃபா குளுக்கோசிடேஸ்: இந்த எண்களை எப்படிப் படிப்பது?

சோதனைக்குழாய் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செமன் அனாலிசிஸோடு சேர்த்து விந்துப் பிளாஸ்மாவின் உயிர்வேதியியல் குறிகளையும் இப்போது டாக்டர்கள் கேட்டு எழுதுகிறார்கள். ரிசார்சினால் என்ற நிறம் காட்டும் வேதிப்பொருளைப் போட்டு 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று ஃப்ரக்டோஸ் கொடுக்கிற வழக்கம் ஒருபக்கம். மி.கி./டெ.லி. கணக்கில் ஒரு எண் கொடுத்து, அதற்குப் பக்கத்தில் 150 முதல் 600 என்று வரம்பு அச்சடிக்கிற வழக்கம் இன்னொருபக்கம். இரண்டுமே எனக்குத் திருப்தியாக இல்லை. உதாரணத்துக்கு நான்கு சாம்பிள்கள்:

அ: அளவு 0.7 மி.லி., பிஹெச் 6.8, விந்தணு இல்லை, ஃப்ரக்டோஸ் நெகட்டிவ்.
ஆ: அளவு 3.2 மி.லி., பிஹெச் 7.8, விந்தணு இல்லை, ஃப்ரக்டோஸ் 260.
இ: அளவு 4.5 மி.லி., மி.லி.க்கு 1.2 கோடி அணுக்கள், அசைவு குறைவு, ஃப்ரக்டோஸ் 70. ரிப்போர்ட்டில் 'குறைவு' என்று கொட்டை எழுத்து.
ஈ: அளவு 0.9 மி.லி., மி.லி.க்கு 2.2 கோடி அணுக்கள், ஃப்ரக்டோஸ் 180. 'நார்மல்' என்று போயிருக்கிறது.

அ, ஆ இரண்டும் அசோஸ்பெர்மியா (விந்தில் அணுவே இல்லாத நிலை)தான். உயிர்வேதியியலை வைத்து மட்டும் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியுமா? இ குறைவு, ஈ நார்மல் என்று போனது சரியா? துத்தநாகமும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸும் புதிதாக ஆரம்பிப்பதென்றால் எங்கெங்கே வழுக்கும்?

---

மையவிலக்கு எழுதியது:

கடைசி இரண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் ரிப்போர்ட் தலைகீழாகப் போயிருக்கிறது.

இந்தக் குறிகள் எல்லாமே ஒரு சுரப்பி மொத்தமாக எவ்வளவு சுரந்தது என்பதைச் சொல்பவை. ஃப்ரக்டோஸ் விந்துப்பையிலிருந்து வருகிறது, துத்தநாகம் புராஸ்டேட்டிலிருந்து, நியூட்ரல் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதி விந்தகத்தை ஒட்டிய சுருள்குழாயான எபிடிடிமிஸிலிருந்து. வெளிவரும் திரவத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு விந்துப்பைதான் பொறுப்பு. மிச்சத்தில் பெரும்பகுதி புராஸ்டேட். விந்தகமும் எபிடிடிமிஸும் சேர்ந்து தருவது சில சதவீதம்தான். ஒரு சுரப்பி ஒழுங்காகச் சுரந்து, இன்னொன்று அதிகமாகச் சுரந்தால் முதலாவதின் செறிவு நீர்த்துப்போகும். அதனால் செறிவைப் பார்த்துச் சுரப்பியை எடைபோட முடியாது. செறிவை மொத்த அளவால் பெருக்கி, ஒரு முறை வெளிவந்த விந்துக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு அப்படித்தான் கேட்கிறது. ஃப்ரக்டோஸ் 13 மைக்ரோமோலுக்குக் குறையக் கூடாது, துத்தநாகம் 2.4 மைக்ரோமோலுக்குக் குறையக் கூடாது, நியூட்ரல் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் 20 மில்லி யூனிட்டுக்குக் குறையக் கூடாது.

மி.கி./டெ.லி.யில் எண் இருந்தால் அதை மி.லி.யால் பெருக்கி 18ஆல் வகுங்கள். மைக்ரோமோல் வந்துவிடும்.

இ: 70 × 4.5 ÷ 18 = 17.5. தாராளமாக நார்மல்.
ஈ: 180 × 0.9 ÷ 18 = 9. குறைவு.
ஆ: 260 × 3.2 ÷ 18 = 46.

ஆக 'குறைவு' என்று போனவருக்கு விந்துப்பையில் குறை இல்லை. 'நார்மல்' என்று போனவருக்குத்தான் அடுத்த கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

அளவைக் கண்ணால் பார்த்து எழுதுகிற பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கும் வீண். சாம்பிள் குப்பியைக் காலியாக ஒருமுறை, சாம்பிளோடு ஒருமுறை எடைபோட்டு, 1 கிராமுக்கு 1 மி.லி. என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சிலோ அளவுகுழாயிலோ ஊற்றினால் சுவரில் ஒட்டிப்போவது அளவைக் குறைத்துக் காட்டும். 0.9 மி.லி. சாம்பிளில் 0.2 போனால் அது கால்வாசி.

இன்னொன்று. அணுக்களின் எண்ணிக்கைக்கான கீழ்வரம்பு, 12 மாதத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் தரவில் 5ஆம் சதமானம். உயிர்வேதியியல் வரம்புகள் அப்படி வந்தவை அல்ல. 2010 ஐந்தாம் பதிப்பில் அவை 'நிபுணர்கள் ஒத்துக்கொண்ட வரம்பு' என்ற தனித் தலைப்பில்தான் இருக்கின்றன. 2021 ஆறாம் பதிப்பில் இந்தச் சோதனைகள் அடிப்படைப் பரிசோதனையில் இல்லை, விரிவான பரிசோதனைகளின் கூட்டத்தில் வருகின்றன. எனவே 12.6 வந்தவரை மலடு என்றோ 13.4 வந்தவரை நல்லவர் என்றோ யாரும் படிக்கக் கூடாது. இவை எந்த இடத்தில் கோளாறு என்று கைகாட்டும் எண்கள். குழந்தை பிறக்குமா என்பதற்கு மதிப்பெண் போடுகிற எண்கள் அல்ல.

இப்போது அ, ஆ. பிரித்துச் சொல்ல முடியும், ஆனால் ஒரு எல்லைவரைதான். அ-வில் நான்கு விஷயங்கள் ஒன்றாக வந்திருக்கின்றன: குறைந்த அளவு, அமிலப் பக்கம் பிஹெச், அணு இல்லை, ஃப்ரக்டோஸ் இல்லை. விந்துப்பைத் திரவம் காரத்தன்மை உள்ளது, புராஸ்டேட் திரவம் லேசான அமிலம். விந்துப்பைப் பங்கு வராமல் போனால் மிஞ்சுவது புராஸ்டேட் திரவம் மட்டும். அதனால்தான் பிஹெச் 7.2க்குக் கீழே இறங்குகிறது. இந்தச் சாம்பிள் உறைந்தும் இருக்காது, கவனித்துப் பாருங்கள். விந்தை உறையவைக்கும் செமினோஜெலின் என்ற புரதமும் விந்துப்பையிலிருந்துதான் வருகிறது. உறையாத சாம்பிளில் 'திரவமாக மாறிய நேரம் 10 நிமிடம்' என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை, அது திரவமாகவேதான் வந்தது.

ஆ-வில் விந்துப்பை, புராஸ்டேட், பீய்ச்சுக் குழாய் மூன்றும் வேலை செய்கின்றன. அடைப்பு இருந்தால் அது அதற்கு மேலே எபிடிடிமிஸ் பக்கம் இருக்க வேண்டும், அல்லது விந்தகத்தில் உற்பத்தியே இல்லை. இந்த இரண்டையும் ஃப்ரக்டோஸால் பிரிக்க முடியாது. அங்கேதான் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ்.

---

ஆண்ட்ரோ_டாக்டர் எழுதியது:

மையவிலக்கு சொன்னதோடு சிகிச்சைப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

அ மாதிரி ரிப்போர்ட் வந்தால் அடுத்த பரிசோதனை ஸ்கேன் இல்லை, விரல். இரண்டு பக்கமும் விந்துக்குழாய் கையில் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. தட்டுப்படவில்லை என்றால் பிறவியிலேயே இருபக்க விந்துக்குழாய் இல்லாமை. இதில் பெரும்பாலானோருக்கு சிஎஃப்டிஆர் மரபணுவில் மாற்றம் இருக்கும். எனவே விந்தணுவை ஊசியில் எடுத்து இக்ஸி (ஒரு அணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்துவது) செய்வதற்கு முன்னால் மனைவிக்கும் அந்த மரபணுச் சோதனை அவசியம். இருவரிடமும் மாற்றம் இருந்தால் குழந்தைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வரும் வாய்ப்பு உண்டு. சிஎஃப்டிஆர் மாற்றம் இல்லாத விந்துக்குழாய் இன்மையில் ஒரு பக்கச் சிறுநீரகமும் இல்லாமல் இருப்பது அதிகம், ஆகவே வயிற்று ஸ்கேனும் வேண்டும்.

குழாய் தட்டுப்பட்டால் பீய்ச்சுக் குழாய் அடைப்பை நினைக்க வேண்டும். ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்டில் விந்துப்பை 15 மி.மீ.க்கு மேல் விரிந்திருப்பதும், நடுக்கோட்டில் நீர்க்கட்டி இருப்பதும் அதற்குத் துணை நிற்கும். இது அறுவை சிகிச்சையால் திறக்கக்கூடிய அடைப்பு. ஃப்ரக்டோஸ் சோதனைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதென்றால், இந்த ஒரு வகை நோயாளியைத் தவறவிடாமல் பிடிப்பதற்காகத்தான்.

அளவு குறைவு என்றதும் அடைப்புக்கு ஓடுவதற்கு முன் மூன்று கேள்விகள். சாம்பிள் கொடுக்கும்போது சிந்தியதா? டாம்சுலோசின், சைலோடோசின் மாதிரி புராஸ்டேட் மாத்திரை எடுக்கிறாரா, நீண்டநாள் சர்க்கரை நோய் உண்டா? டெஸ்டோஸ்டெரோன் எவ்வளவு? விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குப் போனால், சாம்பிள் கொடுத்த உடனே எடுத்த சிறுநீரைச் சுழற்றி அடிவண்டலில் அணு தேட வேண்டும். விந்துப்பை ஆண் ஹார்மோனை நம்பி வாழும் சுரப்பி, டெஸ்டோஸ்டெரோன் இறங்கினால் அளவும் ஃப்ரக்டோஸும் சேர்ந்தே இறங்கும். அடைப்பே இல்லாமல்.

ஆ-வுக்கு வருவோம். எஃப்எஸ்ஹெச் (விந்தகத்தைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) உயர்ந்து, விந்தகம் சிறுத்திருந்தால் உற்பத்திக் கோளாறு என்று சொல்ல உயிர்வேதியியல் தேவையில்லை. சிக்கல், எஃப்எஸ்ஹெச் நார்மல், விந்தகமும் நார்மல் அளவு என்று வரும்போது. அது எபிடிடிமிஸ் அடைப்பாகவும் இருக்கலாம், அணு உருவாக்கம் பாதியில் நின்றுபோன விந்தகமாகவும் இருக்கலாம். இரண்டாவதிலும் எஃப்எஸ்ஹெச் பல சமயம் உயர்வதில்லை. இங்கே ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் மிகவும் குறைந்திருந்தால் அடைப்பின் பக்கம் சாய்வேன்.

ஆனால் நார்மலாக இருந்தால் அடைப்பு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அடைப்பு விந்தகத்துக்கும் எபிடிடிமிஸுக்கும் நடுவே இருந்தால் எபிடிடிமிஸ் தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கும், நொதி வெளியே வரும். ஒரு பக்க அடைப்பில் மறுபக்கம் ஈடுகட்டி எண் நடுவாந்தரமாக நிற்கும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தவர்களில் என்ன ஆகும் என்று பார்த்தால் இந்த நொதியின் குணம் புரியும்: குளுக்கோசிடேஸ் விழும், ஃப்ரக்டோஸ் அப்படியே நிற்கும்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

தெளிவாகப் புரிந்தது டாக்டர். ஈ-யை மறுபடி கூப்பிடச் சொல்லிவிடுகிறேன்.

செய்முறையில் சந்தேகங்கள். ரிசார்சினாலில் சில சமயம் நெகட்டிவ் கன்ட்ரோலே மெல்லச் சிவக்கிறது. அளந்து எண் தரும் இண்டோல் முறைக்கு மாறினால், ஒரே சாம்பிளில் போடும் இரட்டைச் சோதனைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை என்று கேள்விப்படுகிறேன். பிளாஸ்மாவைப் பிரிக்க எவ்வளவு நேரம் தாமதிக்கலாம்?

---

பிப்பெட்_20 எழுதியது:

ரிசார்சினால்ல சிவக்கிறது அதிகக் கொதியால. 50 மி.கி. ரிசார்சினாலை 33 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல கரைச்சு, தண்ணி சேர்த்து 100 மி.லி. ஆக்குற கரைசல் அது. 5 மி.லி. கரைசலுக்கு 0.5 மி.லி. விந்து. கொதி வந்ததும் அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷத்துக்குள்ள ஆரஞ்சுச் சிவப்பு வரணும். அதுக்கு மேல கொதிக்க விட்டா குளுக்கோஸ் கூட மெதுவா அதே நிறத்தைக் கொடுக்கும். நேரம் முடிஞ்சதும் பார்த்து எழுதிட்டுக் குழாயைக் கொட்டிடுங்க, ரேக்குல வெச்சு டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா எல்லாருக்கும் பாசிட்டிவ்தான். ஒவ்வொரு தடவையும் ஃப்ரக்டோஸ் கரைசல் ஒண்ணு, வெறும் தண்ணி ஒண்ணு கூடவே போடுங்க. இந்தச் சோதனை இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லும். பாதி குறைஞ்சிருக்குன்னா அதுக்குத் தெரியாது, ஈ மாதிரி ஆளை அது 'பாசிட்டிவ்'னு அனுப்பிடும்.

இண்டோல் முறை: பிளாஸ்மா 5 மைக்ரோலிட்டர், தண்ணி 50. புரதம் நீக்க துத்தநாக சல்பேட் கரைசல் 12.5 (100 மி.லி.க்கு 1.8 கிராம் ஏழு நீர்மூலக்கூறு உப்பு), 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 12.5. கலக்கி 15 நிமிஷம் அறை வெப்பத்துல விட்டு, 8000 ஜி-ல 5 நிமிஷம் சுத்துங்க. மேலே தெளிஞ்சதுல 50 மைக்ரோலிட்டர் எடுத்து இண்டோல் கரைசல் 50, அப்புறம் 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.5 மி.லி. மூடி, 50 டிகிரி தண்ணித் தொட்டியில 20 நிமிஷம், ஐஸ் தண்ணில 15 நிமிஷம். 470 நானோமீட்டர்ல படிக்கணும்.

இண்டோல் கரைசல்: 200 மி.கி. பென்சாயிக் அமிலத்தை 90 மி.லி. தண்ணில 60 டிகிரி தொட்டியில ஆட்டிக் கரைச்சு, அதுல 25 மி.கி. இண்டோல் போட்டு, 100 மி.லி. ஆக்கி, வடிகட்டி 4 டிகிரில வைக்கணும். ஸ்டாண்டர்டு லிட்டருக்கு 2.24 மில்லிமோல், அதாவது 100 மி.லி.க்கு 40.3 மி.கி. ஃப்ரக்டோஸ். அதைப் பாதி பாதியா நாலு தடவை நீர்த்து வளைவு போடுங்க.

இரட்டைச் சோதனை ஒட்டாததுக்கு முதல் காரணம் அந்த 5 மைக்ரோலிட்டர். விந்துப் பிளாஸ்மா பிசுபிசுன்னு இருக்கும். சாதாரண காற்றுத்தம்ப பிப்பெட் முனையில ஒட்டிக்கிட்டு 4 போகும், ஒரு தடவை 6 போகும். ஒரே ஒரு மைக்ரோலிட்டர் பிசகினா 20 சதவீதம் போச்சு. திரவத்தைத் தொட்டுத் தள்ளுற பாசிட்டிவ் டிஸ்ப்ளேஸ்மென்ட் பிப்பெட் வாங்குங்க. இல்லைன்னா முனையோட வெளிப்பக்கத்தைத் துடைச்சிட்டு, தண்ணிக்குள்ள விட்டு நாலஞ்சு தடவை உறிஞ்சிக் கழுவுங்க. ரெண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சராசரில 10 சதவீதத்தைத் தாண்டினா சராசரி போடாதீங்க, புதுசா ரெண்டு எடுத்துத் திரும்பப் போடுங்க.

ரெண்டாவது, 16. சாம்பிள் 5 மைக்ரோலிட்டர் மொத்தம் 80ல நீர்த்திருக்கு, அதனால வளைவுல வர்ற எண்ணை 16ஆல பெருக்கணும். ஸ்டாண்டர்டை நேரா 50 மைக்ரோலிட்டர் போட்டிருந்தாத்தான் இந்தப் பெருக்கல். ஸ்டாண்டர்டுக்கும் அதே புரத நீக்கம் செஞ்சிருந்தா 16 ஏற்கெனவே கழிஞ்சிடுச்சு. ரெண்டையும் கலந்துகட்டி அடிச்சா ஒரு நாளைக்கு எல்லாருக்கும் 16 மடங்கு வரும்.

அமிலம் சேர்க்கிறதிலிருந்து படிக்கிற வரைக்கும் ஃப்யூம் ஹூட்ல. தட்டுல ஊத்தினா மேல ஒட்டும் படலம் போட்டுத்தான் ரீடருக்குள்ள வைக்கணும், இல்லைன்னா அமிலப்புகை ஒளிமானியைத் தின்னுடும்.

நேரம்: அணுக்கள் ஃப்ரக்டோஸைத் தின்னுதான் ஓடுது. பிளாஸ்மாவைப் பிரிக்கிற வரைக்கும் அது குறைஞ்சுக்கிட்டே போகும். அணு எண்ணிக்கை அதிகமா இருந்தா இன்னும் வேகமா. திரவமானதும் எண்ணிக்கை, அசைவு பார்த்து முடிச்ச கையோட 1000 ஜி-ல 10 நிமிஷம் சுத்தி, மேல் பிளாஸ்மாவை வேற குழாய்க்கு மாத்தி மைனஸ் 20ல போட்டுடுங்க. உறைய வெச்சா நாலஞ்சு பேரைச் சேர்த்து ஒரே நாள்ல போடலாம். இதையும் அசோஸ்பெர்மியாவை உறுதிப்படுத்தச் சுத்துறதையும் குழப்பிக்காதீங்க. அணு தேடுறதுக்கு 3000 ஜி-ல 15 நிமிஷம், அப்புறம் அடிவண்டல் முழுசையும் பார்க்கணும்.

---

மையவிலக்கு எழுதியது:

பிப்பெட்_20 சொன்ன அணுக்கள் தின்னும் விஷயத்தில் ஒரு திருகல் உண்டு. அசோஸ்பெர்மியாவில் தின்ன ஆளில்லை. அதனால் ஆ மாதிரியான சாம்பிளில் ஃப்ரக்டோஸ் மேல்பக்கமாகவே நிற்கும். அதை 'விந்துப்பை மிகச் சிறப்பு' என்று படிக்க வேண்டாம். எண்ணிக்கை மிக அதிகமான ஒருவருக்கு ஃப்ரக்டோஸ் சற்றுக் குறைந்தாலும் விந்துப்பை மேல் பழி போடக் கூடாது.

துத்தநாகம், குளுக்கோசிடேஸ் பற்றி யாரும் தொடவில்லை, அதைச் சொல்கிறேன்.

துத்தநாகத்துக்கு 5-ப்ரோமோ-பாப்ஸ் சாயக் கிட் போதும். பிளாஸ்மா 5 மைக்ரோலிட்டரை 300 தண்ணீரில் நீர்த்து, அதில் 40 எடுத்து, சாயம் 120 சேர்த்து, 5 நிமிடம் கழித்து 560 நானோமீட்டர். பெருக்கு எண் 61. செய்முறை எளிது. சனியன் வெளியிலிருந்து வருகிறது. ரப்பர் மூடி, பவுடர் போட்ட கையுறை, குழாய்த்தண்ணீரில் கழுவிய கண்ணாடி, எல்லாவற்றிலும் துத்தநாகம் இருக்கிறது. பிளாங்க் உயர்ந்தால் முதலில் சாயத்தைச் சந்தேகிக்காதீர்கள், குழாயைச் சந்தேகியுங்கள். ஈடிடிஏ உள்ள ரத்தக் குழாயில் பிளாஸ்மாவைப் போட்டால் எதிர்த்திசையில் போகும், ஈடிடிஏ துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும். முக்கியமாக, ஃப்ரக்டோஸுக்குப் புரதம் நீக்கிய அதே திரவத்தைத் துத்தநாகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் நீங்களே துத்தநாக சல்பேட் ஊற்றியிருக்கிறீர்கள்!

துத்தநாகம் ஏன் புராஸ்டேட்டின் அடையாளம் என்றால், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. புராஸ்டேட் செல்லில் துத்தநாகம் அகோனிடேஸ் நொதியைத் தடுக்கிறது, சிட்ரேட் மேலே எரியாமல் தேங்குகிறது. அதனால்தான் சிட்ரிக் அமிலமும் புராஸ்டேட் குறியாகிறது, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். வெளியேறிய பிறகு துத்தநாகம் செமினோஜெலினோடு ஒட்டுகிறது. அதுவரை துத்தநாகத்தின் பிடியிலிருந்த பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் நொதி விடுபட்டு உறைந்ததைக் கரைக்கிறது. துத்தநாகம் அணுவின் குரோமாட்டினை இறுக்கமாக வைத்திருக்கவும் உதவுகிறது. புராஸ்டேட் அழற்சியில் இது குறையும், அங்கே பெராக்சிடேஸ் பாசிட்டிவ் வெள்ளணு மி.லி.க்கு 10 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

குளுக்கோசிடேஸில் இரண்டு வடிவம். நியூட்ரல் வடிவம் எபிடிடிமிஸுடையது, அமில வடிவம் புராஸ்டேட்டுடையது. இரண்டாவதை அடக்குவதற்காகத்தான் பிஹெச் 6.8 பாஸ்பேட் பஃபரில் 1 சதவீதம் எஸ்டிஎஸ் இருக்கிறது. அதைச் சோப்புதானே என்று விட்டுவிட்டால் அடைப்புள்ளவருக்கும் நார்மல் வரும். பிளாஸ்மா 15 மைக்ரோலிட்டர், நொதி உடைத்ததும் மஞ்சள் நைட்ரோஃபீனால் தரும் பிஎன்பிஜி கரைசல் 100 (மி.லி.க்கு 5 மி.கி.), 37 டிகிரியில் சரியாக 2 மணி நேரம், பிறகு சோடியம் கார்பனேட் 1 மி.லி. ஊற்றி நிறுத்தி 405இல் படிக்க வேண்டும். பிஎன்பிஜி லேசில் கரையாது, 50 டிகிரி அளவில் சூடாக்கிக் கலக்கி, பயன்படுத்தும்வரை 37இலேயே வையுங்கள், ஆறினால் படிகம் விழும். விந்துக்கே மஞ்சள் சாயல் உண்டு. ஆகவே ஒவ்வொரு சாம்பிளுக்கும் காஸ்டனோஸ்பெர்மின் 8 மைக்ரோலிட்டர் சேர்த்து நொதியைக் கட்டிப்போட்ட ஒரு பிளாங்க் தனியாக ஓட வேண்டும். வெறும் தண்ணீர் பிளாங்க் போதாது. நைட்ரோஃபீனால் வளைவில் வரும் மைக்ரோமோல்/லிட்டரை 0.6194ஆல் பெருக்கினால் மி.லி.க்கு மில்லி யூனிட். அந்த எண் எங்கிருந்து என்றால், 1115ஐ 15ஆல் வகுத்து, அதை 120 நிமிடத்தால் வகுத்தது. நேரத்தையோ கனஅளவையோ மாற்றினால் எண்ணும் மாறும். பிறகு விந்தின் அளவால் பெருக்க மறக்காதீர்கள்.

---

எட்டிப்பார்ப்பவன் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். துத்தநாகம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் துத்தநாக மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடாதா? கடைகளில் அப்படித்தான் கொடுக்கிறார்கள். ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று ஒன்றும் சொல்கிறார்கள், அது இதைவிடச் சிறந்ததா?

---

ஆண்ட்ரோ_டாக்டர் எழுதியது:

விந்திலுள்ள துத்தநாகம் ரத்தத்தில் உள்ளதைவிடச் சுமார் நூறு மடங்கு. புராஸ்டேட் அதை இழுத்துச் சேர்த்து வைக்கிறது. விந்தில் குறைகிறதென்றால் பெரும்பாலும் சேர்த்து வைக்கும் சுரப்பியில் கோளாறு, அல்லது முதல் துளிகள் குப்பிக்கு வெளியே போய்விட்டன. உணவில் குறை என்று நேராக முடிவுகட்ட முடியாது.

மாத்திரையைப் பற்றிக் கேட்டால், 2020இல் வெளிவந்த ஃபாஸ்ட் என்ற பெரிய சோதனையில் 2,370 ஆண்களைச் சேர்த்து, ஒரு பாதிக்கு தினமும் 30 மி.கி. துத்தநாகமும் 5 மி.கி. ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை பிறப்பிலும் வித்தியாசம் இல்லை, எண்ணிக்கை அசைவிலும் இல்லை. டிஎன்ஏ சிதைவு மருந்து எடுத்தவர்களில் சற்று அதிகம், வயிற்றுத் தொந்தரவும் அதிகம். அதே ஆண்டு வந்த மாக்ஸி சோதனையில் வைட்டமின் சி, ஈ, செலினியம், கார்னிடின், துத்தநாகம் எல்லாம் கலந்த மாத்திரைக்கும் இதே கதிதான். உண்மையான துத்தநாகப் பற்றாக்குறை உள்ளவருக்குக் கொடுப்பது வேறு விஷயம்.

ஆக்ஸிடேட்டிவ் சோதனைகளை உலக சுகாதார நிறுவனம் ஆராய்ச்சி நிலையில்தான் வைத்திருக்கிறது. எண் வந்தபிறகு என்ன செய்வது என்று தெளிவாகச் சொல்ல முடியாத சோதனைக்கு நோயாளியைச் செலவழிக்க வைக்க எனக்கு மனமில்லை. புதிதாக வரும் குறிகளில் எனக்கு ஆர்வம் தருவது புரதங்கள்: எபிடிடிமிஸிலிருந்து வரும் ஈசிஎம்1, விந்தகத்தின் இனச்செல்களிலிருந்து வரும் டெக்ஸ்101. குளுக்கோசிடேஸ் தடுமாறுகிற இடத்தில், அதாவது அடைப்பா உற்பத்திக் குறையா என்பதில், இவை கைகொடுக்கலாம். அன்றாட லேபுக்கு இன்னும் வரவில்லை.

---

சோதனைக்குழாய் எழுதியது:

கடைசிக் கேள்வி. ஈ-க்கு உறைய வைத்த பிளாஸ்மா மிச்சம் இருக்கிறது. அதில் துத்தநாகம் போட்டால் உதவுமா? ரிப்போர்ட்டில் என்ன வாசகம் எழுதுவது?

---

மையவிலக்கு எழுதியது:

உதவும். விந்து ஒரே கலவையாக வருவதில்லை. முதல் பகுதியில் புராஸ்டேட் திரவமும் பெரும்பாலான அணுக்களும், பின்பகுதியில் விந்துப்பைத் திரவமும். துத்தநாகம் மொத்தம் 2.4க்கு மேல், ஃப்ரக்டோஸ் 9 என்று வந்தால் பின்பகுதி சிந்தியிருக்கிறது, இல்லையேல் விந்துப்பைப் பக்கம் பாதி அடைப்பு. துத்தநாகமும் குறைந்து அணுக்களும் குறைந்து ஃப்ரக்டோஸ் மட்டும் சரியாக இருந்தால் முதல் பகுதி போயிருக்கும். இரண்டுமே குறைந்தால் ஒன்றிரண்டு நாள்கூட இடைவெளி விடாமல் கொடுத்த சாம்பிளா, டெஸ்டோஸ்டெரோன் குறைவா என்று பாருங்கள்.

வாசகம் இப்படி இருக்கட்டும்: 'இடைவெளி ... நாள். சாம்பிள் முழுமையாகச் சேகரிக்கப்பட்டது / முதல் பகுதி சிந்தியது / கடைசிப் பகுதி சிந்தியது. அளவு எடை மூலம் 0.9 மி.லி. ஃப்ரக்டோஸ் மொத்தம் 9 மைக்ரோமோல், வரம்பு 13 அல்லது அதற்கு மேல். துத்தநாகம் மொத்தம் ... மைக்ரோமோல். பிளாஸ்மா பிரித்த நேரம் ... . 2 முதல் 7 நாள் இடைவெளியில் மறு சாம்பிள் பரிந்துரைக்கப்படுகிறது.' சிந்தியதா என்பதை நோயாளியிடம் குப்பி வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், மறுநாள் போனில் கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

---

பிப்பெட்_20 எழுதியது:

உறைஞ்ச பிளாஸ்மாவை எடுத்ததும் அப்படியே பிப்பெட் பண்ணாதீங்க. முழுசா உருகவிட்டு, கலக்கி, வண்டல் இருந்தா இன்னொரு தடவை சுத்திட்டு எடுங்க. மூடி ரப்பர்னா துத்தநாகத்துக்கு அந்தக் குழாயே வேண்டாம்.